ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை: விவரங்களைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் பழுதடைந்திருந்த என் அம்மாவின் இதயத்திலுள்ள மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரையைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது, “இது ரத்தம் உறையாமல் இருக்க, நிறுத்தவே கூடாது” என்பது மட்டும்தான்.

அந்த மாத்திரை அசெனோகௌமரால். கடையில் அசிட்ரோம் என்று கேட்டால் கொடுப்பார்கள். உலோக வால்வின் மீது ரத்தம் உறைந்து கட்டியானால் வால்வின் அசைவு நின்றுபோகலாம், அல்லது அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். மருந்தின் வேலை மிகுந்துவிட்டாலோ வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். இரண்டுக்கும் இடையே சரியான நிலையில் இருக்கிறோமா என்பதை ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையின் எண் காட்டுகிறது; அந்த எண் கூடினால் ரத்தம் உறைவது மெதுவாகும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். இவ்வளவு முக்கியமான செய்தி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருந்தது. அதை யாரும் எங்களுக்கு வாசித்து விளக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவுடன் கேள்விகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கீரை சாப்பிடலாமா? ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டுமா? முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடுவது? உறவினர்களில் ஒருவர் கீரையை அடியோடு ஒதுக்கச் சொன்னார். இன்னொருவர், ரத்தம் ஊற முருங்கைக்கீரை தினமும் வேண்டும் என்றார். மருந்துக்கடையில் தேவையான எண்ணிக்கைக்கு ஏற்ப அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததால், மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலிருந்த பாதியோடு போய்விட்டன. எங்கள் கைக்கு வந்த காகித உறையில் பேனாவால் போட்ட “0-0-1” (இரவு மட்டும் ஒன்று) மட்டுமே இருந்தது. அம்மாவுக்கு ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம் என மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த விவரத்துக்கு உறையில் இடமே இல்லை.

மருந்தோடு வரும் மடித்த துண்டுத்தாளைக் கேட்டு வாங்கினேன். பொடி எழுத்தில், முழுவதும் ஆங்கிலத்தில், மருத்துவரை நோக்கி எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டின் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளே அத்தாள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. 2023 ஆகஸ்ட் முதல் முன்னணி 300 மருந்துகளின் உறைகளில் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியீட்டில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை கிடைக்கும். போலி மருந்தைக் கண்டறிய அது உதவும். எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதை அது சொல்லாது. இணையத்தில் தேடினால் வார்ஃபரின் என்ற இன்னொரு மருந்தைப் பற்றியே பக்கம் பக்கமாக வந்தது. அசெனோகௌமரால் அமெரிக்காவில் விற்கப்படுவதில்லை என்பதால், அந்நாட்டுத் தளங்களில் அதைப் பற்றி அதிகம் இல்லை. இரண்டும் ஒரே வகை மருந்துகள்தான். ஆனால் அசெனோகௌமரால் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடும், அளவுகளும் வேறு. எனவே ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதன் பிறகு, கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஐ.என்.ஆர். பார்க்கச் சென்ற நாளில் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த மூத்த மருந்தாளுநர் அம்மையாரிடம் காட்டினேன். நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதை நான் சுட்டிக்காட்ட வேண்டிய தேவையே எழவில்லை. கூட்டம் குறையும்வரை எங்களை உட்காரச் சொல்லி, பிறகு என்னிடம் பேசாமல் நேராக அம்மாவிடம் பேசினார்.

“கீரையை நிறுத்தாதீங்கம்மா. வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடுற வழக்கம்னா எப்பவும் ரெண்டு நாளே சாப்பிடுங்க. திடீர்னு கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்” என்றார். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வதால், கீரையின் அளவு ஏறி இறங்கினால் ஐ.என்.ஆரும் ஏறி இறங்கும் என்பதையும் விளக்கினார். மாத்திரையை மறந்துவிட்டு அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரட்டிப்பாகப் போடவே கூடாது என்றார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளைத் தொடக் கூடாது; வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் நாள்கணக்கில் தொடர்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாக எழுதித்தரும் மெட்ரோனிடசோல் இம்மருந்தின் வேலையை வெகுவாகக் கூட்டிவிடும். அம்மா முழங்காலில் தேய்க்கும் தைலத்தைப் பற்றியும் அவரே கேட்டார்; மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தைத் தாராளமாகப் பூசினால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றக்கூடும் என்று அவர் சொன்னபோது அம்மாவுக்குப் பெரும் வியப்பு. மலம் கறுத்துப் போவது, சிறுநீரில் ரத்தம், ஈறுக் கசிவு, காரணமில்லாத கன்றல், தலையில் அடி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே வர வேண்டும் என்று முடித்தார்.

பக்கத்து வீட்டுக்காரர், பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று சொல்லியிருந்தார். அதை இதய மருத்துவரிடமே கேட்டேன். அவை உலோக வால்வுக்கு ஏற்றவை அல்ல. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் அதிகமானதால், அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அவர் தெளிவாகச் சொன்னார்.

இவற்றையெல்லாம் கொண்டு ஓர் அட்டை தயாரித்தோம். முன்பக்கத்தில் மருந்தின் பெயர், வால்வின் வகை, ஐ.என்.ஆர். இலக்கு, பின்பக்கத்தில் தவிர்க்க வேண்டியவை. எந்த நாளில் எத்தனை மில்லிகிராம் என்பதை மாத நாள்காட்டியின் கட்டங்களில் முன்கூட்டியே எழுதி, சாப்பிட்டதும் அம்மாவே டிக் போடுகிறார். இப்போது மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் முன்பே, பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைத் தரும்படி கேட்டுவிடுகிறார்.

அண்மையில் அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்ன பல் மருத்துவரிடம் அம்மா அந்த அட்டையை நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு, எங்கள் இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். மாத்திரையை நிறுத்தாமல், முந்தைய நாள் ஐ.என்.ஆர். பார்த்து, செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு வழக்கமாகத் தரும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்த பின்னரே பல்லைப் பிடுங்கி, தையலும் போட்டு அனுப்பினார்.