6/6 பார்வை, ஆனாலும் எழுத்து இரண்டாகத் தெரிந்தது

மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை எங்களுக்கு முன்னால் வாசித்துவிடுவாள். அதனால் அவள் கண்ணில் ஏதாவது இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தை எடுத்தால்தான் பாடு. கொஞ்ச நேரத்தில் தலைவலி என்பாள், படித்த வரியையே திரும்பப் படிப்பாள், இல்லையென்றால் ஒரு வரி தாண்டிவிடுவாள். கூட்டல் கணக்கில் பத்தாம் இடத்து எண் நூறாம் இடத்தின் கீழே போய் உட்கார்ந்திருக்கும். 'கவனம் போதாது' என்று டைரியில் எழுதி அனுப்பினார் டீச்சர்.

விஷயம் வெளியே வந்தது அஞ்சாங்கல்லில். மேலே போட்ட கல் இறங்கும்போது அவள் கை ஒரு விரல்கடை தள்ளியே நிற்கும். ஒருநாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள்.

"ஏட்டி, என்ன கண்ணடிச்சிட்டு ஆடுத?" என்று கேட்டார் ஆச்சி.

"ரெண்டு கண்ணும் தொறந்தா ரெண்டு கல்லு வருது ஆச்சி."

படிக்கும்போது கன்னத்தில் கை வைப்பதுபோல ஒரு கண்ணை அவள் மறைத்துக்கொள்வதை அதன்பிறகு கவனித்தேன்.

முதலில் போன இடத்தில் சார்ட்டை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது தூரப்பார்வை சரியாக இருக்கிறது. உடனே கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் போட்டுவிட்டார்கள். பவர் இல்லை, கண்ணாடி வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். கல் இரண்டாகத் தெரிகிறதாம் என்று நான் சொன்னதற்கு, "மருந்து போட்டாச்சு, கிட்டப் பார்க்கிற டெஸ்ட் இன்னிக்கு எடுக்க முடியாது" என்றார்கள். அது உண்மைதான். அந்த மருந்து கிட்டத்தில் குவிக்கும் தசையைத் தளர்த்திவிடும். அதனால்தான் சொல்கிறேன்: குழந்தை இரட்டையாகத் தெரிகிறது என்று சொன்னால், சொட்டு போடும் முன்பே இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து ஆர்த்தாப்டிக்ஸ் (இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும்) பிரிவு உள்ள ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மூக்குத்தண்டின் மேல் அளவுகோலை வைத்து, ஒரு சின்ன எழுத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தார் பரிசோதித்த பெண். "ரெண்டாத் தெரிஞ்சா சொல்லுடா தங்கம்." 15 சென்டிமீட்டரிலேயே அவள் "ரெண்டு" என்றாள். அந்த நொடியில் அவளுடைய வலது கண் வெளிப்பக்கமாக நழுவியது எனக்கே தெரிந்தது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். பிறகு கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தார்கள், பிரிசம் என்ற முப்பட்டைக் கண்ணாடியை வைத்து அளந்தார்கள். ரிப்போர்ட்டில் எழுதியது 'கன்வர்ஜன்ஸ் இன்சஃபிஷியன்சி'. கிட்டே பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பிக் குவிய வேண்டும், அந்தத் திறன் குறைவு. 6 மீட்டர் தள்ளியிருக்கும் சார்ட்டைப் பார்க்கக் கண்கள் அப்படித் திரும்ப வேண்டிய வேலையே கிட்டத்தட்ட இல்லை. பிறகு எப்படி அதில் மாட்டும்?

இது அபூர்வமும் இல்லை. சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாறுகண் இல்லாமலே இருகண் ஒத்துழைப்பில் குறை உள்ளவர்கள் சுமார் 30 சதவீதம். நகரம், கிராமம் என்று பெரிய வித்தியாசமும் இல்லை.

சிகிச்சை என்றால் பயிற்சிதான். வாரம் ஒருமுறை மருத்துவமனையில், மற்ற நாட்களில் வீட்டில். வீட்டுக்கு ஒரு கயிறு கொடுத்தார்கள், அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை மூக்கு நுனியில். நடு மணியைப் பார்த்தால் கயிறு இரண்டாகி, அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்வதுபோலத் தெரிய வேண்டும். ஒரே கயிறுதான் தெரிந்தால் மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். நானும் கட்டிப் பார்த்தேன், வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அவளுக்கு முதலில் கிட்டத்து மணி பிடிபடவே இல்லை, அழுகையும் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் என்று நேரத்தை மாற்றியபிறகு சண்டை குறைந்தது. பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டே கிட்டே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தால் போதாதா என்று கேட்டேன். அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்கள். 12 வாரத்தில், மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியோடு வீட்டுப் பயிற்சியும் செய்தவர்களில் 73 சதவீதத்தினர் தேறினார்கள். பென்சில் மட்டும் பிடித்தவர்களில் 43 சதவீதம்தான்.

இடையில் ஒரு தனியார் மையத்தில் இதே பயிற்சிக்குப் பெரிய பேக்கேஜ் சொல்லி, மார்க்கும் ஏறும் என்றார்கள். அதை நான் நம்பவில்லை. அந்த அமெரிக்க ஆய்வுக் குழுவே 2019-இல் வெளியிட்டதில், பயிற்சி கண்ணைச் சரிசெய்தாலும், வாசித்துப் புரிந்துகொள்வதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் இல்லை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கும் இது மருந்து கிடையாது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இப்போது 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிகிறது. தலைவலி இல்லை. கல்லைப் பிடிக்கிறாள், ஆச்சியை ஏமாற்றவும் கற்றுக்கொண்டாள். ஆனால் சொல்வதெழுதுதலில் ணகர, னகரத் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது, வாசிப்பும் வகுப்புக்குப் பின்தங்கியே இருக்கிறது. அதற்காக ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் மதிப்பீட்டுக்குப் பதிந்திருக்கிறோம். கண் ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.