பழைய காரின் ஐடிலிங் உதறலும் மூன்று எச்சரிக்கை விளக்குகளும்

வண்டிக்கு வயது 15 தாண்டிவிட்டது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். ஓடும்போது பெரிய குறை ஒன்றும் தெரியாது, வண்டி நின்று எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில்தான் பிரச்சினை. பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். ஆர்பிஎம் முள் 700-ல் நிலைக்காமல் 500 வரை இறங்கி, பதறி மேலே ஏறும். ஏசி போட்டால் இன்னும் மோசம். அப்புறம் செக் எஞ்சின் விளக்கு வந்தது. கூடவே, சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கும் எரிந்தது. வண்டி நிற்கும்போது மட்டும் பேட்டரி விளக்கு மங்கலாக மினுக்கியது.

மூன்று விளக்கு என்றால் மூன்று கோளாறு என்றுதான் மனம் கணக்குப் போடும். விசாரித்த இடங்களிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருவர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார். இன்னொருவர், "ஆக்சிஜன் சென்சார் மாத்திடுங்க சார், சரியாயிடும்" என்றார். யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. பழைய வண்டியில் ஊகத்தை நம்பிப் பாகம் மாற்ற ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது, ஏனென்றால் எந்தப் பாகத்தைக் காட்டினாலும் "இதுவும் பழசுதான்" என்று சொல்லிவிடலாம். அதனால் முதலில் அளப்பது, அப்புறம்தான் கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஆயில் பிரஷர் விளக்கோ எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கோ எரிந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. விட்டு விட்டு எரிந்தால் இல்லை. எஞ்சின் கடுமையாக மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஏதோ சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அதற்குப் பொருள். அது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே சூட்டில் பாழாக்கிவிடும். என் வண்டியில் ஒரு மேட்டில் ஏறும்போது விளக்கு அப்படி மினுக்கியது. அன்றோடு காரணம் தெரியும்வரை வண்டியை வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். வண்டியே தன் கோளாறுகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் ஓபிடி-2 முறைக்கான சாக்கெட் அது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயமானது. பிறகு மற்ற நாடுகளும் அதே வழிக்கு வந்தன. சின்ன ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை அதில் செருகினால் போனிலேயே எல்லாம் தெரியும். வந்த கோடுகள், அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடுகள், இரண்டு. பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0171, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

கோடுகளை உடனே அழிக்கக் கூடாது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும். என் வண்டியில் வேகம் 0, ஆர்பிஎம் 680, கூலன்ட் சூடு 88 டிகிரி என்று இருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி சும்மா நிற்கும்போது வந்த கோளாறு. காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது வருவதாக இருந்தால் தேடும் இடமே வேறு.

பேட்டரி விளக்கு சீக்கிரம் தீர்ந்தது. மல்டிமீட்டரில் எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கிறது. ஆர்பிஎம் 500-க்குச் சரியும்போது மட்டும் அது போதிய கரண்ட் தர முடியாமல் விளக்கு மினுக்குகிறது. டிராக்‌ஷன் விளக்கும் அப்படித்தான். எஞ்சினில் மிஸ்ஸிங் பதிவானால் பல கார்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆக, தேட வேண்டியது எஞ்சினில்தான்.

இரண்டு கோடில் எதை முதலில் பிடிப்பது? இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து "காற்று அதிகம்" என்று சொல்லும். சென்சார் சொல்வது பொய்யில்லை, ஆனால் கலவை உண்மையில் சரியாகவே இருந்திருக்கலாம். எனவே மிஸ்ஸிங்கைத் தீர்க்காமல் பி0171 பக்கம் போவதில் பயனில்லை.

பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இரண்டாவது சிலிண்டரிலிருந்து கழற்றி நான்காவதில் போட்டேன், நான்காவதை இங்கே. கோடு இரண்டிலேயே நின்றது, காயில் குற்றமற்றது. அடுத்து, பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளை அதே மாதிரி இடம் மாற்றினேன். இப்போது பி0304, அதாவது நான்காவது சிலிண்டரில் மிஸ்ஸிங், வந்தது. பிளக் போன இடத்துக்கே கோளாறும் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் முனை தேய்ந்து, 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4-க்கு விரிந்திருந்தது. நான்கு பிளக்கையும் மாற்றினேன். மிஸ்ஸிங் நின்றது.

பலர் இங்கே பானட்டை மூடிவிடுவார்கள். உதறல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதே! ஆனால் பி0171 திரும்பவும் வந்தது. போனில் ஃபியூயல் ட்ரிம் பக்கத்தைத் திறந்தேன். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் இந்த எண். இரண்டு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் ஷார்ட் டேர்ம் (உடனடித் திருத்தம்), லாங் டேர்ம் (நீண்ட காலத் திருத்தம்) இரண்டும் சேர்த்து கூட்டலில் 24. ஆக்சலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 4.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்துதான் எனக்கு வழி காட்டின. உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அதற்குப் பின்னால் எங்காவது ஓட்டை இருந்தால் அளக்காத காற்று நுழையும். ஐடிலில் எஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்று என்பதால் அந்தக் கசிவு அதில் பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று பல மடங்காகும், கசிவு பெரிதாகத் தெரியாது. ஃபியூயல் பம்ப் பலவீனமாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் எண் ஏறும்.

சரி, ஓட்டை எங்கே? சிலர் கார்புரேட்டர் கிளீனரை எஞ்சின் மேல் அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும் வேலை, நான் செய்யவில்லை. கை நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் மறுமுனையை ஒவ்வொரு ஹோஸாகக் கொண்டுபோனேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், "உஸ்" என்று சீறல் கேட்டது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை இன்டேக்குக்குள் இழுக்கும் பிசிவி ஹோஸின் வளைவு. அடிப்பக்கம் விரலால் தடவினால் ஆயிலில் ஊறி ரப்பர் கொழகொழவென்று இருந்தது, நடுவில் நகக்கண் அளவு பிளவு. விரலை வைத்து அடைத்ததும் தோலை உள்ளே இழுத்தது. எஞ்சின் சத்தம் உடனே சீரானது. போனில் 24 இறங்க ஆரம்பித்தது.

பிளக்கும் ஹோஸும் தனித்தனிக் கதை இல்லை என்றே நினைக்கிறேன். பெட்ரோல் குறைந்த கலவையைப் பற்றவைப்பது கடினம். அதில் பலவீனமான பிளக் முதலில் தோற்கும். பிளக்கை மட்டும் மாற்றி விட்டிருந்தால் சில மாதத்தில் வேறு சிலிண்டர் தொடங்கியிருக்கும்.

ஹோஸையும் பிசிவி வால்வையும் சேர்த்தே மாற்றினேன். கோடுகளை அழித்து, சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி, கம்ப்யூட்டர் தன் சோதனைகளையெல்லாம் முடிக்கும்வரை காத்திருந்தேன். ஐடிலில் இப்போது ட்ரிம் 3. விளக்குகள் இல்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கான பி0420-உம் வரவில்லை. டி கியரில் நிற்கும்போது மட்டும் லேசான அதிர்வு மிச்சம் இருக்கிறது. ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, நியூட்ரலுக்கு வந்தால் அதிர்வும் போய்விடுகிறது. எஞ்சினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் எஞ்சின் மவுன்ட்டைத்தான் சந்தேகிக்கிறேன், அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.