மைத்தானியின் கேமராக்களைத் தேடி டோக்கியோவில்

திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், பூட்டுதான் வரவேற்கும். மற்ற நாள்களில் ஹன்சோமோன் ஸ்டேஷனின் 4-ஆம் வாசலில் ஏறிக் கொஞ்சம் நடந்தால் ஜப்பான் கேமரா மியூசியம். டிக்கெட் 300 யென். டோக்கியோவில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல காபி கிடைத்தாலே பெரிது. இங்கே உலகில் முதலில் விற்பனைக்கு வந்த கேமராவான 1839-இன் ஜிரூ டாகெரோடைப்பையே பார்த்துவிடலாம்.

ஆனால் ஒலிம்பஸ் கேமராக்களை வடிவமைத்த யோஷிஹிசா மைத்தானியின் கைவண்ணத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசித்தால் போதாது, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கணும். அதற்கு நாகானோ. ஷின்ஜுகுவிலிருந்து சூவோ லைன் ரேபிட் ரயிலில் அடுத்த ஸ்டாப்.

அங்கேயுள்ள செகண்ட் ஹேண்ட் கேமரா கடைகளில் முதலில் கேட்க வேண்டியது ஒலிம்பஸ் பென். 1956-இல் ஒலிம்பஸில் சேர்ந்த மைத்தானிக்கு இலக்கு, 6000 யென்னுக்கு விற்கக்கூடிய கேமரா. 1959-இல் வந்தது. மனிதர் லென்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை: நான்கு கண்ணாடி கொண்ட 28 மி.மீ. எஃப்/3.5 ஸூய்கோ (ஒலிம்பஸ் லென்ஸ்களின் பெயர்). பட்ஜெட் அங்கேயே கரைந்ததால் மற்றதிலெல்லாம் வெட்டு. ஃபிலிம் சுற்ற லீவர் கிடையாது, பின்பக்கம் கட்டைவிரலால் தள்ளும் சக்கரம்தான். ஒரு படத்துக்கு வழக்கமான இடத்தில் பாதியே எடுக்கும் அரை ஃபிரேம் என்பதால் 36 ரோலில் 72 படம். இன்று ஃபிலிம் விற்கிற விலைக்கு இதைவிடச் சிக்கனம் வேறில்லை!

1961-இன் பென் ஈஈ என்றால் வெளிச்சத்தை அளக்கும் செலீனியம் செல்லைச் சோதிக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். லென்ஸைச் சுற்றியிருக்கும் செல்லைக் கையால் மூடி பட்டனை அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பணும், ஷட்டர் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தில் கொடி வராமல் அடிக்கணும். வெளிச்சத்திலும் கொடி வந்தால் செல் செத்துவிட்டது.

மைத்தானியின் எஸ்எல்ஆர் கேமராவான ஓஎம்-1 தான் உண்மையான ஆபத்து, பார்த்தாலே வாங்கத் தோன்றும். பாடி 510 கிராம்தான். ஷட்டர் வேகத்தை லென்ஸ் மவுண்ட்டைச் சுற்றி வைத்தார், கண்ணை எடுக்காமலே இடது கையால் மாற்றலாம். 1972-இல் எம்-1 என்று வந்து, லைக்கா கேமரா நிறுவனம் ஆட்சேபித்ததால் பெயர் மாறியது. 'எம்-1' பொறித்த பாடிக்கு விலை ஏற்றிச் சொல்வார்கள். படம் எடுக்கப்போகிறவருக்கு அது தண்டச் செலவு. வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பி அனுப்பும் ப்ரிஸத்தை ஒட்டிய ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசினாகி வெள்ளிப் பூச்சைத் தின்னும், அதனால் வியூஃபைண்டரில் கறை தெரிகிறதா பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குச் செய்தது, அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட்டை அப்படியே போட்டால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், படம் இருண்டுபோகும். வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் வேண்டும். ஷட்டருக்கு பேட்டரியே தேவையில்லை என்பது ஆறுதல்.

'ஜங்க்' (பழுதானது, உத்தரவாதம் இல்லை) என்று சீட்டு ஒட்டிய கூடையில் கை வைத்தால் திருப்பித் தர முடியாது, சண்டை போட்டுப் பயனில்லை.

காசு மிஞ்சினால் மைத்தானியின் பாக்கெட் கேமரா, 1979-இன் எக்ஸ்ஏ. எஸ்ஆர்44 பேட்டரி இரண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே கடைக்குள் நுழையுங்கள். அது இல்லாமல் இதன் ஷட்டர் அசையாது.