காசி சொம்போட ராமேஸ்வரம்

அத்தை (மாமியார்) இருந்த வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கங்கா ஜலத்தை எப்போடி ராமேஸ்வரம் ராமநாதருக்கு சேர்க்கப் போறீங்கன்னு. ராமேஸ்வரத்து சேது மண்ணை பிரயாகையில கரைச்சாச்சு, காசியும் முடிச்சாச்சு, அதுக்கப்புறம் கொரோனா, எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ், எனக்கு முட்டி வலின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு, கங்கா ஜலம் அடைச்சு சீல் வச்ச சொம்பு பாட்டுக்கு பூஜை ரூம்லயே இருந்துச்சு. அத்தையும் போயிட்டாங்க. வருஷ திதி முடிஞ்ச கையோட ஆவணியில கிளம்பிட்டோம்.

பையன் மதுரைக்கு ஃப்ளைட் போடுறேன், அங்கேருந்து ஏசி கார்னான். அதெல்லாம் வேணாம்னுட்டோம். டூர் வேனும் ஆகாது, ரெண்டு நாள்ல ஒன்பது கோயில்னு ஓட விடுவான், நடுவுல பாத்ரூமுக்கு நிறுத்தச் சொன்னா முகத்தைச் சுளிப்பான். எங்க வயசுக்கு ஒரு ஊரு, கீழ் ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், மதியம் காலை நீட்ட ஒரு கட்டில், இது போதும். பக்கத்து வீட்டு அக்காவும் கூட வந்தாங்க. மாத்திரை டப்பா, ஃபிளாஸ்க், பொடி தடவின இட்லி, புளியோதரை, இதுக்கே ஒரு பை.

தாம்பரத்துல போட் மெயில் ரயில் ஏறினோம். 58 வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு பாதி டிக்கெட்னு இருந்ததை 2020 மார்ச்சுல நிறுத்தினவங்க இன்னும் திரும்பத் தரல, அதை யார்கிட்ட சொல்ல. அவருக்கு மேல் பெர்த் விழுந்திருச்சு, ஒரு காலேஜ் பையன் கேக்காமலே எந்திரிச்சு கீழ் பெர்த்தைக் குடுத்தான், நல்லா இருக்கணும் அந்தப் புள்ள. பாலம் கட்டி முடியற வரைக்கும் மண்டபத்துலயே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்துச்சு, 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்ததால நேரா ராமேஸ்வரத்துலயே இறங்கிட்டோம், லக்கேஜ் தூக்குறவங்களுக்குத் தான் தெரியும் அந்த அருமை.

அக்னி தீர்த்தக் கடல்ல முங்கி எந்திரிக்கிறதுக்குள்ள புரோக்கருங்க சூழ்ந்துட்டாங்க, "மாமி, க்யூ இல்லாம 22 கிணறும், ஒரு ஆளுக்கு இவ்ளோ"ன்னு அவனவன் ஒரு ரேட்டு. வயசானவங்களைப் பார்த்தா இன்னும் ஏத்திச் சொல்றான். நாங்க கவுன்டர்லயே டிக்கெட் எடுத்தோம். கோயிலுக்குள்ள அந்த 22 தீர்த்தக் கிணத்துகிட்டயும் ஒரே கூட்டம், ஹிந்திக்காரங்க குரூப் குரூப்பா ஓடுறாங்க, தரையெல்லாம் தண்ணி, வழுக்குற கல்லு, ஒரு கை சுவத்துல ஒரு கை அவர் தோள்லன்னு தான் நடந்தேன். காட்டன் புடவை கட்டிட்டுப் போயிடாதீங்க, நனைஞ்சா தூக்கி நடக்க முடியாது. பாதிக் கிணத்துலயே எனக்கு மூச்சு வாங்கிருச்சு, உக்காந்துட்டேன். கிணத்து மேல வாளியோட நின்ன தம்பி பார்த்துட்டு, "அவசரமில்ல பாட்டி, மெதுவா வாங்க"ன்னு சொல்லி, க்யூவை ஒரு நிமிஷம் நிறுத்தி, எனக்குன்னு தனியா ஒரு வாளி இறைச்சு மெதுவா ஊத்தினாரு பாருங்க, முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. கடைசிக் கிணறு கோடி தீர்த்தம் வரைக்கும் நானே நடந்து முடிச்சேன்.

ஈரத்தை மாத்திட்டு, கங்காபிஷேகத்துக்கு ரசீது போட்டுட்டு சன்னதியில நின்னோம். குருக்கள் சொம்பை வாங்கி மூடியைத் தட்டித் திறக்கிறாரு, இத்தனை வருஷம் கழிச்சும் உள்ள ஜலம் தளும்புது, ஒரு துளி வத்தல. சீதை பிடிச்சு வச்ச மணல் லிங்கம், மேல கங்கை இறங்குது. எனக்கு கோத்திரம் நட்சத்திரம் ஒண்ணும் வாயில வரல, அத்தை பேரை மட்டும் சொன்னேன். அவர் அப்படியே தேம்பித் தேம்பி அழுவுறாரு, ஆபரேஷனுக்குப் போனப்பக் கூட அழாத மனுஷன். பின்னாடி திருப்பதி "ஜருகண்டி" மாதிரி நகருங்க நகருங்கன்னு தள்ளுறாங்க, தள்ளட்டும், நான் நகரல. குருக்களும் ஒண்ணும் சொல்லல.

பர்வதவர்த்தினி அம்பாள், பிராகாரம், அந்தத் தூணெல்லாம் எப்படிப் பார்த்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல. மறுநாள் விடியக்காலை அஞ்சு மணி ஸ்படிக லிங்க தரிசனமும் கிடைச்சுது, நாங்க எப்பவும் நாலுக்கே முழிச்சுக்கற ஜாதி தானே, அதுல கஷ்டமே இல்ல. ராமநாதா, அத்தைக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்த வச்சியேப்பா, எங்க காலுக்கும் தெம்பு குடுத்தியே. பக்கத்து வீட்டு அக்கா ரயில்லயே ஆரம்பிச்சுட்டாங்க, அடுத்து திருச்செந்தூராம், பௌர்ணமிக்கு வேணாம், கூட்டம் தாங்காதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.