தலைவீட்டுக்காரியின் கணக்கு

சோழர் காலத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், "எந்த ராஜா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ராஜாவை எழுதுவதில் எனக்கு நாட்டமில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம், கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியே சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு நாவலாசிரியனுக்கு மிஞ்சுவது அந்தப் புகழை உரைநடையில் நீட்டி முழக்கும் வேலைதான். மெய்க்கீர்த்தி ஓய்ந்து, நெல்லும் நிலமும் ஆளும் பேரும் வரத் தொடங்கும் இடத்தில்தான் எனக்குக் கதை பிடிபடுகிறது. வங்கியில் பேரேடுகளோடு காலம் தள்ளியவனுக்கு அப்படித்தான் தோன்றும் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இப்போது முடியும் தறுவாயில் இருக்கும் நாவலுக்கு அடிப்படை, தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை வெளிச்சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டு. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் அது, சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, ஆடல் பணிக்கு 400 பெண்களை வரவழைத்துக் கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரி என்னும் குடியிருப்புத் தெருக்களில் குடியமர்த்தியதையும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்ததையும் சொல்கிறது. தெரு, சிறகு என்னும் தெருவின் பக்கம், வீட்டின் வரிசை, பெண்ணின் பெயர், அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பது வரை எதுவும் விடுபடவில்லை. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டில், அதாவது முதல் வீட்டில், இருந்தவள் திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்து நக்கன் சேரமங்கை. அவள்தான் என் கதையின் நாயகி. அவள் வயது என்ன, விரும்பி வந்தாளா, திருவையாற்றில் யாரை விட்டுவிட்டு வந்தாள் என்பதையெல்லாம் கல்வெட்டு சொல்லவில்லை. அது அதன் வேலையும் அல்ல.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் இரண்டாம் பாகத்தில் இதன் முழுப் பாடமும் அச்சாகியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துவிடலாம் என்றாலும், வெயில் ஏறுமுன் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும்போது சுவரருகே நின்று படிப்பது வேறு அனுபவம். அச்சில் 400 பெயரும் ஒரே சீரான பட்டியல்; சுவரிலோ கல்லுக்குக் கல் மாறும் வெட்டுக்காரனின் கை தெரிகிறது. சேரமங்கைக்கு வீட்டைக் காட்டிக்கொடுக்கும் கணக்கனின் பாத்திரம் அந்தச் சுவரடியில்தான் எனக்கு உருவானது.

என் எழுத்து நாட்களில் பாதி இப்படிப்பட்ட கணக்கிலேயே போகிறது. பங்கு ஒன்றுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 1,200 மரக்கால். நாளொன்றுக்கு மூன்று மரக்காலுக்குச் சற்று மேல், அதாவது மரக்காலுக்கு எட்டு நாழி என்ற கணக்கில் ஏறத்தாழ 26 நாழி நெல். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்று அக்காலக் கல்வெட்டுகள் கொள்ளும் விகிதத்தில் குத்திப் பார்த்தால் நாளுக்குப் பத்து நாழி அரிசி தேறும். தனியாள் ஒருத்தி உண்டு தீர்க்கும் அளவல்ல இது. அப்படியானால் அந்த வீட்டில் தாய் இருந்திருக்கலாம், தம்பி தங்கைகள் இருந்திருக்கலாம், நெல் குத்தக் கூலிக்கு ஒருத்தி வந்து போயிருக்கலாம், மிச்சத்தை விற்று எண்ணெயும் புளியும் வாங்கியிருக்கலாம். முதல் அத்தியாயத்தின் ஆட்கள் எல்லோரும் இந்த வகுத்தலில் இருந்து வந்தவர்கள்தாம். ஏழ்மையில் வாடும் தேவரடியாள் என்ற பழகிப்போன சித்திரத்தை நான் கைவிட்டதும் இதனால்தான்.

கதையின் முடிச்சையும் அதே கல்வெட்டு தந்தது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அந்தக் காணியை, அதாவது பரம்பரை உரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராக இருந்தால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திச் செய்விக்க வேண்டும். ஆடத் தெரியாத தங்கை ஒருத்தி, நன்றாக ஆடத் தெரிந்தும் உரிமையில்லாத அயலாள் ஒருத்தி, நடுவே நூறு கலம் நெல்: இதற்கு மேல் வாளும் சதியும் எதற்கு? முதல் சில பகுதிகளைப் படித்த வார இதழ் ஆசிரியர் ஒருவர், மூன்றாம் வாரத்துக்குள் அரசர் குதிரையில் வந்தாக வேண்டும் என்றார். தொடராக வெளியிடும் எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

எதை எழுதக் கூடாது என்ற பட்டியல் இன்னும் நீளமானது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிந்தியவை; எனவே சேரமங்கையின் குழம்பில் மிளகுதான் காரம். இன்றைய பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, அம்மன் சன்னதி பிற்காலப் பாண்டியர் காலத்தது. அவள் கோயிலுக்குள் நடக்கும் காட்சிகளில் இவை இரண்டையும் மனத்திலிருந்து நீக்கிவிட்டுத்தான் எழுத முடிகிறது. சிறுவயதிலிருந்து பார்த்த கோயிலில் அது நினைப்பதைவிடச் சிரமம்.

மேசையில் வேறு இரண்டு கோப்புகள் திறந்து கிடக்கின்றன. ஒன்று, இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிய பிறகு, ஏறக்குறைய 1025க்குப் பின், தளிச்சேரியின் இரண்டாம் தலைமுறையைப் பற்றியது. அரசவை போய்விட்டது, கோயில் போகவில்லை. நெல் அளப்பவன் எத்தனை நாள் முகம் கோணாமல் அளந்தான் என்பதுதான் கேள்வி. இதில் ஐந்து அத்தியாயங்களுக்கு மேல் நகரவில்லை.

மற்றொன்று, லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளைப் பற்றியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாக, கொடுத்தபோது, பிடி யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். வாய்க்கால் வாய்க்காலாகச் செப்பேடு பதிந்திருக்கும் அந்த நடையையே முழு நாவலாக்கத் திட்டமிட்டிருக்கிறேன். யானை தன் வயலோரமாக வருவதைப் பார்த்து நிற்கும் உழுகுடி ஒருவனின் கண் வழியாகச் சொல்வதா, கணக்கெழுத ஓலையோடு பின்னால் ஓடிவரும் கரணத்தானின் வழியாகச் சொல்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு விதமாகவும் முதல் அத்தியாயத்தை எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கரணத்தானுடையதுதான் மேலாகத் தெரிகிறது.