சிமுலிங்க்கில் வைத்த பாராமீட்டர் பெயர் சி நிரலிலும் நிலைக்க

மாடலைப் பிளாக்குகளாக வரையும் சிமுலிங்க்கில், உள்ளீட்டைப் பெருக்கித் தரும் கெயின் பிளாக்கின் பெட்டியில் எண்ணுக்குப் பதில் ‘கேபி’ என்று எழுதியிருக்கிறோம். மேட்லாபின் மாறிகள் இருக்கும் ஒர்க்ஸ்பேஸில் அதன் மதிப்பு 2.5. மாடலிலிருந்து சி நிரல் ஆக்கும் எம்பெடட் கோடரில் பில்ட் கொடுத்து, வந்த சி ஃபைலின் ஸ்டெப் ஃபங்ஷனைத் திறந்தால் அங்கே ‘2.5 * வேகப்பிழை’ என்றுதான் இருக்கிறது. கேபி என்று தேடினால் ஒரு இடத்திலும் அகப்படாது. கோடர் தப்பு செய்யவில்லை. எம்பெடட் கோடருக்கான ஈஆர்டி டார்கெட்டில் ‘டிஃபால்ட் பாராமீட்டர் பிஹேவியர்’ என்ற அமைப்பு ‘இன்லைன்ட்’ என்றே வரும். பெயரைக் காப்பாற்றச் சொல்லாத எந்த மாறியையும் அது எண்ணாகவே பதித்துவிடும்.

உடனே பலரும் செய்வது அதை ‘ட்யூனபிள்’ என்று மாற்றுவது. பெயர் திரும்பி வரும், ஆனால் ‘மாடல்_பி.கேபி’ என்று ஒரு பெரிய ஸ்ட்ரக்சருக்குள் உட்கார்ந்துகொண்டு வரும். கூடவே, நேரடியாக எண் போட்ட பிளாக்குகளெல்லாம் ‘கெயின்_கெயின்’ போன்ற பெயர்களில் உள்ளே வரும். அதே பெயரில் இன்னொரு பிளாக் வேறு சப்சிஸ்டத்தில் இருந்தால் மோதலைத் தவிர்க்க வாலில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். டிஸ்கிரீட் இன்டெக்ரேட்டர் இருந்தால், நாம் எங்கும் எழுதாத ‘கெயின்வால்’ என்ற உறுப்பும் சேரும்; அது கோடர் தானே கணக்கிட்ட பெருக்கம். மெமரி வீங்குகிறது, ஓடும்போதே மதிப்புகளைத் திருத்தும் காலிபரேஷன் பட்டியலில் யாருக்கும் வேண்டாத பெயர்கள் நிறைகின்றன. முன்மாதிரிக்கு இது போதும். வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவுக்குள் போகிற நிரலுக்கு இந்த வழி வேண்டாம்.

சரியான வழி: இன்லைன்ட் அப்படியே இருக்கட்டும். காப்பாற்ற வேண்டிய பெயர்களுக்கு மட்டும் பாராமீட்டர் ஆப்ஜெக்ட் வையுங்கள். கமாண்ட் விண்டோவில் மூன்று வரி; மூன்றாவதில் வரும் ஸ்டோரேஜ் கிளாஸ், மாறி நிரலில் எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்வது:

கேபி = சிமுலிங்க்.பாராமீட்டர்(2.5);
கேபி.டேட்டாடைப் = 'சிங்கிள்';
கேபி.கோடர்இன்ஃபோ.ஸ்டோரேஜ்கிளாஸ் = 'எக்ஸ்போர்ட்டட்குளோபல்';

இப்போது சி ஃபைலில் ‘ரியல்32_டி கேபி = 2.5எஃப்;’ என்று தனி குளோபல் மாறி வரும், ஹெடரில் அதன் எக்ஸ்டெர்ன் அறிவிப்பு வரும், ஸ்டெப் ஃபங்ஷனில் ‘கேபி * வேகப்பிழை’ என்று பெயரோடு நிற்கும். மாறியை வேறொரு கையெழுத்து ஃபைல் வரையறுக்கிறது என்றால் ‘இம்போர்ட்டட்எக்ஸ்டெர்ன்’. படிப்பவருக்குப் பெயர் தெரிந்தால் போதும், ஓடும்போது மாற்ற வேண்டியதில்லை என்றால் கஸ்டம் ஸ்டோரேஜ் கிளாஸான ‘டிஃபைன்’. அது மேக்ரோவாக வரும், மெமரி பிடிக்காது. மாடலில் ஒரு பெயர், நிரலில் இன்னொரு பெயர் என்று வைக்கவும் வழி உண்டு. நிறுவனத்தின் பெயரிடல் விதி கட்டாயப்படுத்தினால் தவிர அதைத் தொடாமலிருப்பது நல்லது. ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால்தான் நிரலில் கண்ட சிக்கலை மாடலில் தேடிப் பிடிக்க முடியும்.

இவ்வளவு செய்தும் பெயர் தொலையும் இடங்கள் உண்டு. முதலாவது, ஒர்க்ஸ்பேஸ். மூன்று வரியும் போட்ட பிறகு யாராவது ‘கேபி = 3’ என்று அடித்தால் ஆப்ஜெக்ட் அழிந்து அந்த இடத்தில் வெறும் எண் வந்துவிடும். ஸ்டோரேஜ் கிளாஸும் அதோடு போயிற்று. சிமுலேஷன் முன்பு போலவே ஓடும், எச்சரிக்கை வராது, அடுத்த பில்டில் பெயர் இருக்காது. மதிப்பை மாற்ற ‘கேபி.வேல்யூ = 3’ என்றே எழுத வேண்டும். இதற்காகவே பாராமீட்டர்களைப் பேஸ் ஒர்க்ஸ்பேஸில் விடாமல், தனி ஃபைலாகச் சேமிக்கப்படும் டேட்டா டிக்‌ஷனரியில் வைக்கச் சொல்கிறேன். அதேபோல, மாடல் ஒர்க்ஸ்பேஸிலோ பிளாக்குக்கு மேல் போடும் உறையான மாஸ்க்கிலோ இன்னொரு கேபி இருந்தால் அதுதான் முந்திக்கொள்ளும். வெளியே நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஆப்ஜெக்ட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது, கோவைகள். பிளாக்கில் ‘கேபி*2’ என்று எழுதினால் பெயர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோடரால் சி நிரலாக எழுத முடியாத கோவை என்றால் மொத்தத்தையும் கணக்கிட்டு எண்ணாக்கிவிடும். மாஸ்க்கின் இனிஷியலைசேஷன் பகுதியில் கேபியை வைத்து வேறொரு மதிப்பைக் கணக்கிட்டாலும் இதே கதிதான். சாம்பிள் டைம் பெட்டியில் போட்ட மாறி ஓடும்போது மாறவே முடியாது. அதற்கு ஸ்டோரேஜ் கிளாஸ் கொடுத்துப் பயனில்லை. டயக்னாஸ்டிக்ஸில் ‘டிடெக்ட் லாஸ் ஆஃப் ட்யூனபிலிட்டி’ என்ற அமைப்பை ‘எரர்’ ஆக்குங்கள். எச்சரிக்கையாக விட்டால் நூறு மஞ்சள் வரிகளுக்கு நடுவே அது காணாமல் போகும்.

மூன்றாவதுதான் ஆளை அதிகம் ஏமாற்றுவது. காலிபரேஷன் மதிப்புகள் ஃப்ளாஷில் இருக்கட்டும் என்று ‘கான்ஸ்ட்’ கிளாஸ் கொடுக்கிறோம். நிரலில் பெயர் இருக்கிறது. லிங்கர் தரும் மேப் ஃபைலில் முகவரி இருக்கிறது. காலிபரேஷன் கருவிக்கு முகவரிகளைச் சொல்லும் ஏ2எல் ஃபைலும் சரி. காலிபரேஷன் கருவிகளான கேன்ஏப்பிலோ இன்காவிலோ மதிப்பை மாற்றினால் மாறியதாகவே காட்டும். மோட்டாரின் வேகம் மட்டும் அசையாது. காரணம் கம்பைலர். வரையறையும் பயன்பாடும் ஒரே ஃபைலில் இருப்பதால் கான்ஸ்ட் மாறியின் மதிப்பு மாறாது என்று நம்பி, ஆப்டிமைசேஷனில் 2.5ஐக் கட்டளைக்குள்ளேயே பதித்துவிட்டது. எழுதிய இடத்தை யாரும் படிப்பதில்லை. ஸ்டோரேஜ் கிளாஸை ‘கஸ்டம்’ ஆக்கி, கஸ்டம் ஸ்டோரேஜ் கிளாஸாக ‘கான்ஸ்ட்வாலட்டைல்’ கொடுத்தால் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படித்தே ஆக வேண்டும்.

பில்ட் முடிந்ததும் இரண்டு சோதனை. சி ஃபைலில் பெயரைத் தேடி, வரையறை ஓரிடத்திலும் பயன்பாடு குறைந்தது ஓரிடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பில்டின் இறுதி வடிவமான எல்ஃப் ஃபைலின் மேல், பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை ஓட்டுங்கள். பெயருக்கு முன் பெரிய ‘டி’ (D) வந்தால் மதிப்பிட்ட குளோபல் மாறி, பெரிய ‘ஆர்’ வந்தால் படிக்க மட்டுமேயான பகுதியில் இருப்பது. பெயரே வராவிட்டால், பயன்படுத்தாத பகுதிகளை நீக்கும் லிங்கர் அமைப்பு அதை எடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். நிரலில் வரையறை இருந்து பயன்பாடு இல்லாத மாறிகள் அங்கேதான் உதிரும்.