சைடு வீல் இல்லாமல் 40 மீட்டர்: ஒன்பது நாள் கணக்கு

ஒன்பதாம் நாள் காலை, காரிமங்கலம் பக்கம் ஒரு உலர்களத்தில், யாரும் பிடிக்காமல் 40 மீட்டர்! ஐந்தரை வயசுப் பொண்ணு, 16 இஞ்ச் சைக்கிள். தானாக ஏறிக் கிளம்புவது இன்னும் பத்துக்கு நாலு முறைதான் சரியாக வருகிறது. பிரேக் இன்னும் கைக்குப் பழகவில்லை. ஆனால் பேலன்ஸ் வந்துவிட்டது.

பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டும் சின்னச் சக்கரமான சைடு வீலை வாரத்துக்கு ஒரு இஞ்ச் மேலே ஏற்றிக்கொண்டே போய்க் கழற்றச் சொல்வார்கள். அது வேலைக்கு ஆகாது. இரண்டு சக்கர வண்டி திரும்ப வேண்டுமானால் முதலில் அந்தப் பக்கம் சாய வேண்டும். சாயும்போது ஹேண்டிலையும் அதே பக்கம் லேசாகத் திருப்பினால் சக்கரம் உடம்புக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்ளும். சைடு வீல் அந்தச் சாய்வையே தடுத்துவிடுகிறது. பிள்ளை மூன்று சக்கர வண்டி மாதிரி திருப்பக் கற்றுக்கொள்கிறது, பிறகு அதை மறக்கடிக்கத் தனியாகப் பாடுபட வேண்டும். மேலே ஏற்றி வைத்தாலும் ஒரே பக்கம் சாய்ந்து, அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஓட்டும்.

அந்தக் காலத்து வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் பழகியவர்களுக்கு இது புரியும். இடது கால் பெடலில், வலது காலால் தரையை உந்தி உந்தி உருட்டுவது, அப்புறம் பாருக்கு அடியில் கால் விட்டு அரைப் பெடல். பேலன்ஸ் முதலில், மிதிப்பது கடைசியில். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கும் பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போனார். பெடல் வந்தது 1860-களில். அதே வரிசையில் போவதுதான் சரி.

ஆகவே முதல் வேலை, பெடல் இரண்டையும் கழற்றுவது. 15-ம் நம்பர் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு எதிர் மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாகச் சுற்றினால்தான் கழலும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் குனிந்து பார்க்கும்போது குழப்பம் வரும். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, பின் சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். முன் சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். திரும்ப மாட்டும்போது மூன்று சுற்றாவது விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, ஸ்பேனர் போட்டால் பெடல் மாட்டும் கிராங்க் தண்டின் மரை போய்விடும்.

சைடு வீல் கழற்றியதும் பின் அச்சு நட்டை உடனே ஸ்பேனரால் இறுக்க மறக்கக் கூடாது. சைடு வீல் பட்டை இருந்த இடத்துக்கு ஒரு வாஷர் போடுங்கள். நட்டு தளர்வாக இருந்தால் அழுத்தி மிதித்ததும் செயின் சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்து, டயர் ஃபிரேமில் உரசும். செயின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். சீட் முழுசாகக் கீழே. இரண்டு பாதமும் தரையில் பதிந்து, முட்டி லேசாக மடங்க வேண்டும்.

இனி சரிவு. ஒன்பது நாளில் பாதி இதைத் தேடுவதிலேயே போனது. உலர்களத்தின் சிமெண்ட் தரை சமதளம். அதில் உந்தினால் மூன்று மீட்டரில் வேகம் செத்துவிடுகிறது, வேகம் இல்லாமல் பேலன்ஸ் வராது. பக்கத்து மாந்தோப்புப் பாதையில் கொத்தனாரின் டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் 20 மீட்டருக்கு 90 செ.மீ. இறக்கம். அது அதிகம், பயத்தில் பிள்ளை காலைத் தூக்கவே இல்லை. கடைசியில் அமைந்தது களத்துக்கு இறங்கும் செம்மண் தடம்: 20 மீட்டருக்கு 45 செ.மீ., முடிவில் சமமான சிமெண்ட் தரை. தர்மபுரி மாவட்டத்தில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்த அளவுக்கு நிதானமான சரிவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கால் தரையில் படாமல் உருண்ட தூரம்: முதல் நாள் 3 மீட்டர், இரண்டாம் நாள் 5, நாலாம் நாள் 12, ஐந்தாம் நாள் சரிவு முழுவதும். சீட்டைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் சாய்வு பிள்ளைக்குத் தெரியாமல் போகும். ஒரு துண்டை அக்குள் வழியாக மார்பைச் சுற்றிவிட்டு, இரு முனையையும் பின்னால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினால் போதும்.

களத்தில் ராகி காயப்போட்ட மறுநாள் நன்றாகப் பெருக்கிவிட்டு இறங்குங்கள். சிதறிய ராகி மணி சக்கரத்துக்கு அடியில் பால்ரஸ் மாதிரி உருண்டு வழுக்கிவிடும். ஓரத்தில் நெருஞ்சி. இரண்டு பஞ்சர் ஆனது. 16 இஞ்ச் டியூப் டவுனில் மூன்று கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. வாங்கும்போது டயர் பக்கவாட்டில் அச்சடித்த அளவைக் காட்டி வாங்குங்கள், 16 என்று மட்டும் சொன்னால் அகலம் மாறிவிடும். வால்வு டியூப் நாலைந்து சேர்த்தே வாங்கிவிடலாம், வெயிலில் சீக்கிரம் வெடித்துப் போகிறது.

ஆறாம் நாள் பெடல் மாட்டியதும் பார்வை காலுக்குப் போய்விட்டது, உடனே விழுந்தாள். பத்து மீட்டர் தள்ளி ஒரு சிவப்பு பக்கெட் வைத்து, அதையே பார்த்து ஓட்டச் சொன்னதும் சரியானது.

இப்போது முரண்டு பிடிப்பது கிளம்பும் இடம்தான். வலது பெடல், வலப்பக்கம் நின்று பார்த்தால், கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஒரு அழுத்தில் வேகம் கிடைக்காது, இடது கால் பெடலைத் தேடுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும். புறங்காலால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவரப் பழகிக்கொண்டிருக்கிறாள். செயின் விறைப்பாக இருந்தால் இதுவும் நடக்காது.

அடுத்த மாதம் 20 இஞ்ச் பார்க்கலாமா என்று இப்போதே பேச்சு ஓடுகிறது. அதற்கு முன்னால் பிரேக். லீவர் தூரமாக இருப்பதால் விரல் எட்டவில்லை, காலைத் தேய்த்தே நிறுத்துகிறாள். லீவரில் உள்ள சின்ன ஸ்க்ரூவை உள்ளே திருகி ஹேண்டில் பக்கம் கொண்டுவந்தாயிற்று. நாளைக்குக் களத்தில் சாக்பீஸ் கோடு: நடந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, இருபது முறை. சீட் இன்னும் ஏற்றவில்லை.